வெள்ளைப் பந்து எங்கே நிற்கிறது?

காமயகவுண்டன்பட்டித் தெருக்களில் கேரம் ஆடி வளர்ந்து, படிப்புக்கும் வேலைக்குமாகச் சென்னை, கோவை, பெங்களூர் என்று போய், அங்கே பூல் மேசையில் மனசைக் கொடுத்துவிட்ட தம்பி தங்கைகளுக்கு,



உங்களில் ஒருவருக்கு அந்த ராத்திரி இனிமேல்தான் வரப்போகிறது. இன்னொருவருக்குப் போன வாரமே வந்து, யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம். ஆடுபவர் பிரேக் அடிக்கிறார். பதினைந்து பந்துகளும் சிதறுகின்றன. கோடு போட்ட பந்து ஒன்று மூலைக் குழியில் இறங்குகிறது. அதே கையோடு மீதி ஆறு கோட்டுப் பந்துகளும் ஒவ்வொன்றாக விழுகின்றன. கடைசியில் எட்டாம் நம்பர் கறுப்பு. அதுவும் விழுந்த பிறகு நிமிர்ந்து பார்த்தால், எதிராளி கோலைப் பிடித்தபடி ஆரம்பத்தில் நின்ற இடத்திலேயே நிற்கிறார். அவருக்கு ஒரு தடவைகூடக் குனிய வேலை வரவில்லை.

கோப்பை கிடையாது. பரிசுப் பணம் கிடையாது. பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் ஆட்டத்தில் இருப்பார்கள். அடுத்த நிமிடமே யாரோ முக்கோணச் சட்டத்தை எடுத்துப் பந்துகளை அடுக்க ஆரம்பித்துவிடுவார். ஆனால் பொழுதுபோக்காக ஆட வந்த ஒருவர் 'எனக்கும் இந்த ஆட்டம் தெரியும்' என்று முதன்முதலாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது அந்த நிமிடத்தில்தான். பூல் கூடங்களில் இதை 'பிரேக் அண்ட் ரன்' என்பார்கள். இந்த மடல் அந்த முதல் முறையைப் பற்றியது. அது ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது, குறிப்பாகக் கேரம் பலகையிலிருந்து வந்தவர்களுக்கு அது எந்த இடத்தில் சிக்குகிறது என்பதைச் சொல்வதற்காக எழுதப்படுகிறது.

காமயகவுண்டன்பட்டிப் பிள்ளைகளுக்கு இந்த மைல்கல் வேறு பெயரில் ஏற்கெனவே பழக்கம். கேரமில் பிரேக் அடித்தவர், தன் முதல் வாய்ப்பிலேயே ஒன்பது வெள்ளையையும் ரெட்டையும் போட்டு முடித்தால் அது ஒயிட் ஸ்லாம். எதிரில் இருப்பவர் தன் முதல் வாய்ப்பிலேயே ஒன்பது கறுப்பையும் ரெட்டையும் முடித்தால் பிளாக் ஸ்லாம். சர்வதேச விதிப்புத்தகத்தில் இருக்கும் சொற்களே இவை. அந்த விதிகளைக் கையில் வைத்திருக்கும் சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் சென்னையில்தான் பிறந்தது. 1991-ல் டெல்லியில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பை வென்றவரும் சென்னைக்காரர், மரிய இருதயம். 1995-ல் அவரே மறுபடியும் வென்றார். அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது வந்தது. ஆகவே 'இது நமக்குச் சம்பந்தமில்லாத பெரிய ஊர் விளையாட்டு' என்ற தயக்கத்தோடு யாரும் பூல் மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டியதில்லை. குழிக்குள் குறி வைக்கும் வித்தையில் இந்த மாநிலத்துக்கு நல்ல பரம்பரை இருக்கிறது.

அளவுகளையே எடுத்துப் பாருங்கள். கேரம் காயினின் குறுக்களவு மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. குழி 4.45 சென்டிமீட்டர். குழியின் அகலம் காயினைப்போல ஒன்றரை மடங்குகூட வராது. பூல் பந்தின் குறுக்களவு 5.7 சென்டிமீட்டர், மூலைக் குழியின் வாய் பதினொன்றுக்கு மேல். கிட்டத்தட்ட இரண்டு பந்து அகலம். கேரமில் பழகிய கண்ணுக்கு இந்தக் குழி வாசல் கதவைப்போலத் தெரியும். மேசையின் நீளம்தான் மிரட்டும்: 74 சென்டிமீட்டர் பலகையில் ஆடியவர் முன்னால், ஒன்பது அடி மேசையென்றால் ஆடுகளம் மட்டுமே 254 சென்டிமீட்டர் நீளத்துக்கு விரிந்து கிடக்கும். ஆனாலும் ஒரு காயினின் எந்த ஓரத்தில் தொட்டால் அது எந்தப் பக்கம் போகும் என்ற கணக்கு விரலிலேயே ஊறிப்போனவர்களுக்கு, 'கட்' அடிப்பது இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடுகிறது. குஷனில் மோதித் திரும்புவதும் அப்படியே. பிடியும் நிலையும் படிவதற்குத்தான் கொஞ்ச நாள் ஆகும்.

அப்புறம் ஏன் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், அந்த முழு மேசை கைக்கு வராமல் போகிறது? நான்கு பந்து போடுவார்கள், ஐந்து போடுவார்கள், ஆறாவதில் நின்றுவிடும்.

காரணம் ஒன்றுதான். கேரமில் அடித்து முடித்ததும் ஸ்டிரைக்கர் கைக்குத் திரும்பி வந்துவிடுகிறது. அடுத்த அடிக்கு அதைத் தன் கோட்டுக்குள் இடமோ வலமோ நகர்த்தி, வசதியான இடம் பார்த்து வைத்துக்கொள்ளலாம். அது பலகையில் எங்கே போய் நின்றது என்று யாரும் கவலைப்படுவதில்லை. குழிக்குள் விழாமல் இருந்தால் போதும். பூலில் வெள்ளைப் பந்து எங்கே நின்றதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. எதிராளி ஃபவுல் செய்தால் தவிர அதைக் கையால் தொட முடியாது. அதாவது ஒவ்வொரு அடியிலும் இரண்டு வேலைகள் இருக்கின்றன: குறி வைத்த பந்து குழிக்குப் போக வேண்டும், வெள்ளை அடுத்த பந்துக்குத் தோதான இடத்துக்குப் போக வேண்டும். கேரம் கை முதல் வேலையை அழகாகச் செய்துவிட்டு, இரண்டாவதை அப்படியே மறந்துவிடுகிறது. ஸ்டிரைக்கரை விரட்டி அடித்த பழக்கத்தில் வெள்ளையையும் விரட்டுகிறது. பந்து விழுந்த சத்தம் நன்றாகத்தான் இருக்கும். வெள்ளை நான்கு சுவரிலும் மோதி ஊரைச் சுற்றிவிட்டு, எதிராளியின் பந்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

இதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

ஆடுபவருக்கு மிச்சம் இரண்டே பந்துகள்: பதினொன்று, எட்டு. பதினொன்று நடுக்குழிக்கு ஒரு சாண் தூரத்தில், குழிக்கு நேராக உட்கார்ந்திருக்கிறது. கறுப்பு, தூரத்து மூலைக் குழிக்குப் பக்கத்தில். எதிராளியின் நான்கு பந்துகள் நடுவில் அங்கங்கே நிற்கின்றன. வெள்ளையும் பதினொன்றும் குழியும் ஒரே கோட்டில் இருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் போட்டுவிடும். இங்கேதான் கைக்குள் ஒரு துடிப்பு வருகிறது. வலுவாக மேல்பக்கம் அடித்தால் பதினொன்று போகும், வெள்ளையும் அதன் பின்னாலேயே உருண்டு நடுக்குழிக்குள் விழுந்து ஆட்டம் கை மாறும். மெதுவாகத் தட்டினாலும் அதே ஆபத்துதான். உருண்டு வரும் பந்து முன்னால்தான் ஓடும். ஆட்டக்காரர் இப்போது சாக்கை எடுத்துக் கோல் நுனியில் இரண்டு சுற்றுத் தேய்க்கிறார். குனிகிறார். இடது கை விரல்கள் நீலத் துணியில் விரிந்து பதிகின்றன. கோல் நுனி வெள்ளையின் நடுவிலிருந்து ஒரு விரல் அளவுக்குக் கீழே நிற்கிறது. அளவான ஓர் அடி. வெள்ளை உருளாமல் சறுக்கிப் போய்ப் பதினொன்றைத் தொடுகிறது. தன் வேகம் முழுவதையும் அதற்குக் கொடுத்துவிட்டு, பதினொன்று இருந்த அதே இடத்தில் ஆணி அடித்ததுபோல நிற்கிறது. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் கறுப்புக்கு நேர்வழி திறந்திருக்கிறது. எதிராளியின் பந்துகள் வழியில் இல்லை.

இதற்கு 'ஸ்டாப் ஷாட்' என்று பெயர். பார்ப்பவர்களுக்கு இதில் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் முழு மேசையை முடித்தவர்களை உட்கார வைத்துக் கேட்டால், தாங்கள் போட்ட கஷ்டமான பந்தைப் பற்றிச் சொல்வதைவிட, வெள்ளை சொன்ன இடத்தில் நின்ற ஒரு அடியைப் பற்றித்தான் அதிக நேரம் பேசுவார்கள்.

கேரமோடு இன்னொரு தலைகீழ் விஷயமும் இருக்கிறது. பலகையில் பவுடர் போடுவது உராய்வைக் குறைக்க. காயின் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். பூலில் சாக் தேய்ப்பது உராய்வைக் கூட்ட. கோல் நுனியில் இருக்கும் தோல், பந்தை ஒரு கணம் பிடித்துக்கொண்டால்தான் கீழே அடித்த அடி சுழற்சியாக மாறும். சாக் இல்லாவிட்டால் நுனி வழுக்கி 'மிஸ்க்யூ' ஆகிவிடும். 'ஃபாலோ' என்ற சொல்லும் இரண்டு ஆட்டத்திலும் இருக்கிறது. கேரமில் ரெட் போட்டவுடன் அதற்குத் துணையாகப் போட வேண்டிய காயின் ஃபாலோ. பூலில், மேலே அடித்த வெள்ளை, மோதிய பிறகும் முன்னாலேயே ஓடுவது ஃபாலோ. பழைய சொல்லுக்குப் புது அர்த்தம் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கணக்குப் பாடத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பத்து அடி அடித்தால் எட்டு விழும் கை என்று வையுங்கள். பொழுதுபோக்குக்கு ஆடுபவருக்கு அது ரொம்ப நல்ல கை. பிரேக்கில் ஒன்று விழுந்த பிறகு ஆறு பந்தும் கறுப்புமாக ஏழு அடிகள் வரிசையாக விழ வேண்டும். 0.8-ஐ ஏழு முறை பெருக்கினால் 0.21 வருகிறது. ஐந்து தடவையில் ஒரு தடவைதான். அதே கை பத்தில் ஒன்பது போடுமானால் 0.48, இரண்டுக்கு ஒன்று என்று சொல்லும் அளவுக்கு வந்துவிடுகிறது. பத்தில் ஏழு என்றால் பன்னிரண்டில் ஒன்றாகக் குறைந்துவிடும். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரே ஒரு பந்துதான், ஆனால் முழு மேசைக்கு வரும்போது அது இரண்டு மடங்குக்கும் மேலான வித்தியாசம். அந்த ஒரு பந்தைக் கையின் திறமையால் கூட்டுவது பல வருஷ வேலை. வெள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, அடுத்த அடியைச் சுலபமாக்கினால் அந்த ஒன்பது தானாக வருகிறது. நல்ல ஆட்டக்காரர்களின் ஆட்டம் பார்க்கச் சலிப்பாக இருப்பதன் காரணம் இதுதான்: அவர்களுக்கு எப்போதும் சுலபமான பந்தே கிடைப்பதுபோலத் தெரியும். அதைக் கிடைக்க வைத்தவர்கள் அவர்கள்.

இதைக் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு விளக்க வேறு எங்கும் போக வேண்டாம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கம்பம் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே போய் நின்றால் போதும். கவாத்து வெட்டுகிறவர் இன்றைய கொடியின் அழகைப் பார்த்துக் கத்தரிப்பதில்லை. நான்கு மாதம் கழித்து எந்த மொட்டிலிருந்து குலை இறங்க வேண்டும் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி வந்து வெட்டுகிறார். பூல் மேசையிலும் திட்டம் பின்னாலிருந்து வருகிறது. கறுப்பை எந்தக் குழியில் போடப்போகிறோம்? அதற்கு வெள்ளை எங்கே நிற்க வேண்டும்? அங்கே நிறுத்த எந்தப் பந்து கடைசிக்கு முந்தியதாக இருக்க வேண்டும்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் முதல் பந்தை அடிக்கிறவர், நல்ல கை இருந்தும் ஐந்தாவது பந்தில் நின்றுபோவார்.

முதல் முறையைப் பற்றிப் பேசும்போது இந்த ஆட்டங்களின் பிறப்பையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு பங்கு நம் நீலகிரிக்கு இருக்கிறது. 1875-ல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி, இருந்த ஆட்டம் ஒன்றில் நிறப் பந்துகளைச் சேர்த்து ஒரு புது ஆட்டத்தை உருவாக்கினார். பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள். அந்தக் காலத்தில் ராணுவப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த முதல் வருஷ மாணவனைக் கேலியாக 'ஸ்னூக்கர்' என்று கூப்பிடுவார்களாம். சுலபமான பந்தைத் தவறவிட்ட சக அதிகாரியை சேம்பர்லின் அப்படிச் சொல்லப்போய், அவர் முகம் வாடாமல் இருக்க, இந்த ஆட்டத்துக்கு நாம் எல்லோருமே ஸ்னூக்கர்தானே என்று சமாதானம் செய்திருக்கிறார். அந்தப் பெயரே ஆட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு அவர் ஊட்டிக்கு வந்தார். 1880-களில் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் ஸ்னூக்கர் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. பூலுக்கு அது நெருங்கிய சொந்தம். மேசையும் பந்தும் வேறு, கோலும் வெள்ளையும் அதே. 'புதுமுகம்' என்ற அர்த்தத்தில் பிறந்த சொல், இன்று உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் ஒலிக்கிறது. புதுமுகமாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அந்தக் காலத்துப் பந்துகள் யானைத் தந்தத்தில் கடைந்தவை. தந்தம் என்றால் நம் பள்ளத்தாக்குக்கு அது படத்தில் பார்த்த பொருள் இல்லை. 2023 மே கடைசியில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் தெருக்களுக்குள் வந்து, பிறகு சுருளிப் பக்கமும் மலை அடிவாரத்திலும் சுற்றித் திரிந்தபோது ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜூன் 5-ம் தேதி அதைப் பிடித்துக் கொண்டுபோகும் வரை நம் வீட்டு அம்மாக்கள் தூங்கவில்லை. அப்படிப்பட்ட கொம்பன்களின் தந்தத்தைக் கடைந்து ஒரு காலத்தில் கூடம் கூடமாக ஆடித் தீர்த்தார்கள். தந்தம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் 1863-ல் ஓர் அமெரிக்க பில்லியர்ட்ஸ் நிறுவனம் மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு அறிவித்தது. அதைத் துரத்தி ஜான் வெஸ்லி ஹையாட் என்பவர் செய்த ஆராய்ச்சியில் செல்லுலாய்டு வந்தது. இன்று உங்கள் மேசையில் உருள்வது ரெசினில் வார்த்த பந்து. அதைக் கையில் எடுக்கும்போது மேகமலைப் பக்கம் ஒரு நினைப்பு போனால் நல்லது.

இனி, இந்த மடலில் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம். எழுதி வையுங்கள்.

ஜோ டேவிஸ் என்று ஓர் ஆங்கிலேயர். 1927 முதல் 1946 வரை 15 முறை உலக ஸ்னூக்கர் சாம்பியன். அந்தப் பட்டத்துக்கான ஆட்டத்தில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. ஸ்னூக்கரில் 147 என்பது முழுமையான எண்: பதினைந்து சிவப்பு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏழு புள்ளிக் கறுப்பு, பிறகு ஆறு நிறப் பந்துகளும். அதிகாரபூர்வமாகப் பதிவான உலகின் முதல் 147-ஐ அவர் அடித்தது 1955 ஜனவரி 22-ம் தேதி, லண்டனில். அப்போது அவருக்கு வயது 53. அன்றைய விதிப்படி ஆட்டம் நடக்கவில்லை என்று ஆட்டத்தை நிர்வகித்த அமைப்பு அதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1957-ல்தான் ஒப்புக்கொண்டது. சாம்பியனுக்கே ஒரு மைல்கல் 53 வயதில் வந்திருக்கிறது, அதையும் ஊர் ஒப்புக்கொள்ள இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறு மாதத்தில் முழு மேசை வரவில்லை என்று கோலைத் தூக்கிப் போடுகிறவர்கள் இந்தத் தேதியை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காத்திருப்புக்குப் பூலில் இன்னும் நேரடியான உதாரணம் இருக்கிறது. 'ஸ்ட்ரெயிட் பூல்' என்ற வகையில், தவறவிடாமல் எத்தனை பந்து போடுகிறோம் என்பதுதான் பேச்சு. 1954 மார்ச் 19 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரில் வில்லி மோஸ்கோனி ஒரு காட்சி ஆட்டத்தில் தொடர்ந்து 526 பந்துகள் போட்டார். கேமரா கிடையாது. அங்கே உட்கார்ந்து பார்த்தவர்கள் 'நாங்கள் கண்ணால் பார்த்தோம்' என்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கையெழுத்துகளின் பலத்தில் அந்த எண் 65 வருஷம் நின்றது. 2019-ல் ஜான் ஷ்மிட், கேமராவை ஓடவிட்டு, மாதக்கணக்கில் முயன்று 626 அடித்தார். பிறகு அதுவும் முறியடிக்கப்பட்டது.

உங்கள் முதல் முழு மேசைக்குப் பத்திரமும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, கூடத்தின் பெயர், எத்தனை பந்து, எதில் நின்றது, வெள்ளை எங்கே போய் மாட்டியது. இந்த ஐந்தும் இருந்தால் மூன்று மாதத்தில் ஓர் உண்மை தெரியவரும்: தவறுகள் சிதறிக் கிடப்பதில்லை, ஒரே மாதிரியான இரண்டு மூன்று தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. விடுதலைப் போராட்டத்தில் சிறை போனவர்களை இன்றும் பெருமையோடு நினைத்துப் பார்க்கும் ஊர் நம் காமயகவுண்டன்பட்டி. காந்திக்குக் கோயில் கட்டி வைத்திருக்கும் ஊர். நடந்ததை மறக்காமல் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை நம் சொந்தச் சின்ன வெற்றிகளுக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

வீட்டில் இதைச் சொல்வது எப்படி என்ற சங்கடம் பலருக்கு உண்டு. பூல் கூடம் என்றாலே சீட்டாட்டக் கிளப்பின் ஞாபகம்தான் பெரியவர்களுக்கு வருகிறது. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மேசை வாடகையைத் தோற்றவர் கட்டுவது என்ற வழக்கம் மெல்ல மெல்லப் பந்தயமாக மாறிவிடும் இடங்கள் உண்டு. அந்த மேசையில் கற்றுக்கொள்ள வந்தவர் நிற்காமல் இருப்பதே நல்லது, ஏனென்றால் காசு போகும் பயத்தில் யாரும் ஸ்டாப் ஷாட் பழக முடியாது. ஆனால் ஆட்டத்தின் மேல் குற்றம் இல்லை. 1958-ல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்ற வில்சன் ஜோன்ஸ்தான், சுதந்திர இந்தியாவில் தனிநபர் விளையாட்டு ஒன்றில் முதல் உலக சாம்பியன். பங்கஜ் அத்வானி 2006, 2010 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பில்லியர்ட்ஸில் தங்கம் வாங்கியவர். நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருதான கேல் ரத்னாவும் அவரிடம் இருக்கிறது. இந்த இரண்டு பெயர்களையும் அப்பாவிடம் சொல்லலாம்.

அம்மாவிடம் சொல்ல வேறு பெயர்கள் இருக்கின்றன. 2025 நவம்பரில் தோஹாவில் நடந்த உலக மகளிர் ஸ்னூக்கர் போட்டியின் இறுதி ஆட்டத்தில், சென்னை அனுபமா ராமச்சந்திரன், ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3-2 என்று வென்றார். எதிரில் இருந்தவர் ஏற்கெனவே மூன்று முறை உலகப் பட்டம் வென்றவர். கடைசி ஃபிரேம் வரை போன ஆட்டம் அது. அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால், 2024 நவம்பரில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னை காசிமா மூன்று தங்கம் வாங்கினார். ஆட்டோ ஓட்டுநரின் மகள், அப்போது வயது பதினேழு. இன்னும் பின்னால் போனால் 2008-ல் கேரம் உலக சாம்பியனான வியாசர்பாடி இளவழகி.

மூவருமே பெண்கள். இதை ஊரில் இருப்பவர்கள் நின்று யோசிக்க வேண்டும். கோலிலும் ஸ்டிரைக்கரிலும் தமிழ்நாட்டுக்கு அண்மைக் காலத்தில் உலகப் பட்டம் கொண்டுவந்த கைகள் இவை. நம் தெருப் பலகையைச் சுற்றி எத்தனை பெண் பிள்ளைகள் நிற்கிறார்கள்? சின்ன வயசில் வீட்டுத் திண்ணையில் அண்ணனோடு ஆடியவள், பத்தாவது வந்ததும் பலகையை விட்டு நகர்த்தப்படுகிறாள். யாரும் 'போ' என்று சொல்வதில்லை. பலகை திண்ணையிலிருந்து தெருமுனைக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான். சென்னையில், கோவையில் கம்பெனி ஓய்வறையில் பூல் மேசை இருக்கிறது, வேலை முடிந்து அரைமணி நேரம் ஆடலாம் என்ற வாய்ப்பு கிடைத்த தங்கைகள் அதை விடக்கூடாது. மேசையைச் சுற்றி நாலு பேர் நின்றுகொண்டு யோசனை சொல்வார்கள். சொல்லட்டும். வெள்ளை எங்கே நிற்க வேண்டும் என்பதைக் குனிந்திருப்பவர்தான் முடிவு செய்கிறார்.

உயரம் போதாது, வயசு போதாது என்று ஒதுக்கப்படும் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு பிலிப்பைன்ஸ் கதை. எஃப்ரன் ரேயஸ் மணிலாவில் மாமாவின் பூல் கூடத்தில் வளர்ந்தார். மேசை எட்டாததால் குளிர்பானப் பெட்டிகளை அடுக்கி, அதன் மேல் ஏறி நின்று ஆடினார். இரவில் அந்த மேசை மேலேயே தூங்கினார். 1999-ல் 'நைன் பால்' என்ற பூல் வகையில் உலக சாம்பியன் ஆனார். அவரது பட்டப்பெயர் 'பாத்தா'. அவர்கள் மொழியில் பொடியன் என்று அர்த்தம். நாற்பது வயதைத் தாண்டிப் பட்டம் வாங்கிய பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

பயிற்சிக்கு ஒரே ஒரு முறையைச் சொல்லலாம். மேசை காலியாக இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். மூன்று பந்துகளை மட்டும் கையால் உருட்டிச் சிதறவிடுங்கள். முதல் அடிக்கு மட்டும் வெள்ளையை வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அடிப்பதற்கு முன்னால், மூன்றையும் எந்த வரிசையில் போடப்போகிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் பிறகு வெள்ளை எங்கே நிற்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்றும் விழுந்தால் அடுத்த தடவை நான்கு. தவறினால் மறுபடியும் மூன்று. விழுந்தும் வெள்ளை சொன்ன இடத்தில் நிற்காவிட்டால் அதையும் நோட்டில் எழுதுங்கள். விழுந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். நான்கிலிருந்து ஐந்துக்குப் போவதுதான் ரொம்ப நாள் பிடிக்கும். ஐந்துக்கு மேல் போனவர்களுக்கு ஏழு தூரமில்லை.

பொங்கலுக்கு வரும்போது அந்த நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். உங்கள் பழைய பலகையின் மூலை ஒன்றில் வலை கிழிந்திருக்கும், அதைத் தைக்க வேண்டும். சாயங்காலம் அதைத் தெருமுனைக்குத் தூக்கிக்கொண்டு போகாமல், இந்த ஒரு தடவை திண்ணையிலேயே போட்டு, பத்தாவது படிக்கும் அந்தத் தங்கச்சியை எதிரில் உட்கார வையுங்கள். பிரேக் அவளே அடிக்கட்டும்.

அன்புடன்.